ஆடியில் தேனீ இருக்காது

என் மனைவியை ஒரு தேனீ கொட்டினால் அவள் பிழைப்பது கடினம். இதை எங்களுக்குச் சொன்னவர் திருவள்ளூர் ஆஸ்பத்திரியில் இருந்த ஒரு டாக்டர். கல்யாணமான இரண்டாம் வருடம், கடம்பத்தூரில் அவளுடைய அம்மா வீட்டுக் கொல்லையில் முருங்கைக்காய் பறித்துக்கொண்டிருந்தவளைப் புறங்கையில் ஒன்று கொட்டியது. ஒன்றே ஒன்றுதான். கொடுக்கைப் பிடுங்கிப் போட்டு, சுண்ணாம்பு தடவிக்கொண்டு, காயைக் கழுவ உட்கார்ந்தாள். கழுவி முடிப்பதற்குள் உதடு தடித்துவிட்டது. உடம்பெங்கும் திட்டுத் திட்டாகச் சிவந்தது. குதிரை வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரும் வழியில் அவளுடைய மூச்சு விசில் ஊதுவது போலச் சத்தம் போட்டது. ரயில்வே கேட்டைத் தாண்டிய பிறகு அந்தச் சத்தமும் நின்றுவிட்டது. ஊசி போட்டுப் பிழைக்க வைத்தார்கள்.

மறுநாள் காலையில் டாக்டர் என்னைத் தனியாக அழைத்தார். "இந்தத் தடவ வண்டி கெடச்சுது, நானும் இருந்தேன். அடுத்த தடவ இவ்ளோ நேரம் கெடைக்காது சார். அந்தப் பூச்சி பக்கமே விடாதீங்க" என்றார்.

இதை முதலிலேயே எழுதிவிடுவதற்குக் காரணம் உண்டு. இவ்வளவும் தெரிந்திருந்தும் நான்தான் அவளைக் கூடியம் குகைக்கு அழைத்துப் போனேன்.

நான் அப்போது திருவள்ளூரில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர். எங்கள் பகுதி அந்த நாளில் செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளிலும் பஸ்ஸிலும் சுற்றி, பார்த்ததை நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைப்பது என் பழக்கம். எந்தக் கிழமை போனேன், எத்தனை மணிக்குச் சேர்ந்தேன், காற்று எந்தத் திசையில் அடித்தது, யாரைக் கேட்டேன் என்று ஒன்றையும் விடமாட்டேன். நூலகத்தில் கிடைத்த பழைய விவரக் குறிப்புகளையும் பயண நூல்களையும் படித்து, அவற்றில் இருப்பது இன்றும் அப்படியே இருக்கிறதா என்று போய்ப் பார்ப்பேன். பெரும்பாலும் இருக்காது. அதையும் எழுதிக்கொள்வேன்.

இப்படிச் சேர்ந்தவற்றை அறுபதுகளின் கடைசியில் ஒரு பட்டியலாக்கினேன். பழவேற்காட்டு ஏரியில் பூநாரைகள் இறங்கும் இடம், அதே ஊரில் வாசல் தூண்களில் எலும்புக்கூடு செதுக்கிய பழைய வெள்ளைக்காரர்களின் கல்லறைகள், ஆந்திர எல்லைக்கு அப்பால் காட்டுக்குள் விழும் ஓர் அருவி, பூண்டிக்கு மேற்கே பழங்கற்கால மனிதர்கள் தங்கிய குகை. ஒவ்வொன்றுக்கும் எதிரே, போகத் தக்க மாதம், போகக் கூடாத மாதம் என்று இரண்டு கட்டங்கள் போட்டிருந்தேன். மற்றவர்கள் வழியைச் சொல்வார்கள், நான் மாதத்தைச் சொல்கிறேன் என்று எனக்குள் ஒரு பெருமை இருந்தது. கும்மிடிப்பூண்டிப் பக்கம் புதிதாகத் தொழிற்சாலை வேலைக்கு வந்த சிலர் ஞாயிறன்று எங்கே போவதென்று தெரியாமல் இருந்தார்கள். அவர்கள் கேட்டு, ஏழு பிரதிகள் வெளியே போயிருந்தன.

அந்த ஏழு பிரதிகளையும் எழுதியவள் என் மனைவி. என் கையெழுத்து எனக்கே புரியாது. அவளுடையது அச்சுப் போல இருக்கும். ஆறு ஆண்டுகளாக நான் பார்த்துவிட்டு வந்ததையெல்லாம் அவள் அரிக்கேன் விளக்கடியில் நகலெடுத்துக்கொண்டிருந்தாள். ஏழாவது பிரதியை முடித்த அன்று பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னாள்:

"எழுதி எழுதி வெரலு வீங்கினதுதான் மிச்சம். இதுல ஒரு எடத்தையாவது கண்ணால பாத்திருக்கேனா? நாரை ரோஸ் கலரா இருக்கும்னு நான்தான் எழுதறேன். ரோஸா, காவியான்னு எனக்கே தெரியாது."

"பழவேற்காட்டுக்குப் போகலாம். மார்கழியில."

"மார்கழி வரைக்கும் யார் இருக்கறது? இந்தக் குகைக்குப் போலாம். ஆடியில போலாம்னு நீங்கதானே கட்டத்துல போட்டிருக்கீங்க. ஆத்தா வேற இருக்கறான்னு எழுதியிருக்கு. ஆடி மாசம், ஒரு கற்பூரம் ஏத்திட்டு வந்துடலாம்."

அவள் சொன்னது சரிதான். கட்டத்தில் ஆடி என்று போட்டிருந்தேன். அந்தக் குகையின் கூரையில் மலைத்தேனீக்கள் கூடு கட்டும். சுவரோடு ஒட்டிக் கட்டும் சின்னத் தேனீ அல்ல, ஆள் கை அகலத்துக்குத் திறந்த அடையாகத் தொங்கவிடும் பெரிய தேனீ. மழைக்காலம் முடிந்து வரும், கோடை கழிந்தால் அடையை விட்டுவிட்டு மலை தாண்டிப் போய்விடும். தொடர்ந்து மூன்று வருடம் ஆடி மாதத்தில் போய்ப் பார்த்திருந்தேன். மூன்று தடவையும் கூரையில் காலி அடைகள் விட்டுப் போன வெளிறிய தழும்புகள்தான் இருந்தன. 'ஆடியில் தேனீ இருக்காது' என்று எழுதினேன். அந்த வரியையும் அவள் ஏழு தடவை நகலெடுத்திருந்தாள்.

நான் யோசிக்காமல் இல்லை. இரண்டு நாள் யோசித்தேன். பழைய நோட்டுகளை எடுத்து மூன்று வருடக் குறிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மூன்றும் ஒன்றுபோல இருந்தன. அந்த வருடம் கோடை மழை வெகுவாகத் தள்ளிப் பெய்தது என்பதும் நோட்டில் இருந்தது. ஆனால் அது வேறு நோட்டு, மழைக்கென்று வைத்திருந்தது. அதை நான் திறக்கவில்லை.

எழுபதுகளின் தொடக்கம், ஆடி மூன்றாம் ஞாயிறு. முதல் பஸ்ஸில் பூண்டி போய், அங்கிருந்து ஊத்துக்கோட்டைச் சாலையில் இன்னொரு பஸ் பிடித்து இறங்கி, கூடியம் ஊரைக் கடந்து நடந்தோம். ஊருக்கு அப்பால் மாட்டு வண்டித் தடம் கொஞ்ச தூரம் வரும், பிறகு அதுவும் இருக்காது. ஓடைப் படுகையைப் பிடித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் போக வேண்டும். தரை முழுக்கச் செம்மண்ணும் கூழாங்கல்லும். இருபுறமும் முள் புதர். அவள் தலையில் இரண்டு முழம் மல்லிகை, கையில் ஒரு துணிப்பை. பைக்குள் புளியோதரைப் பொட்டலம், கற்பூரம், தீப்பெட்டி. என் கையில் குடையும் நோட்டும்.

அவள் வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தாள். பழங்கால மனிதர்கள் செதுக்கிய ஆயுதம் என்று நான் காட்டிய ஒரு கல்லை எடுத்துக் கையில் திருப்பிப் பார்த்து, "இத்தக்கொண்டா கறி வெட்டினாங்க? எங்கம்மா ஊட்டு அருவாமணையே தேவலாம்" என்றாள். வெயில் ஏறுவதற்குள் போய்விட வேண்டும் என்று நான் அவளை அவசரப்படுத்தினேன். ஆனால் பாதி வழியிலிருந்தே என் மனத்தில் ஒரு கணக்கு ஓட ஆரம்பித்துவிட்டது. இங்கிருந்து சாலைக்கு ஒரு மணி நேரம். சாலையில் பஸ் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம். ஒவ்வொரு திருப்பத்திலும் இந்தக் கணக்கு நீண்டுகொண்டே போனது. முருங்கைக்காய் கழுவும் நேரம்தான் அவளுக்கு உண்டு என்பதை நினைத்துக்கொண்டேன். நினைத்தும் திரும்பவில்லை. ஆடியில் இருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

குகைக்கு ஏறும் இடத்தில், ஓடைக்கரையில், இடுப்பளவு உயரத்தில் ஒரு கல். அதில் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தது. அடியில் அகல் விளக்கு. எண்ணெய் இன்னும் காயவில்லை. போன வருடம் அந்த இடத்தில் இப்படி எதுவும் இல்லை. எனக்கு மகிழ்ச்சியாகிவிட்டது. நின்று நோட்டைத் திறந்து, 'மலையடியில் புதிய அம்மன் வழிபாடு, இவ்வாண்டு தொடங்கியது' என்று எழுதினேன். கல்லின் உயரத்தைக் கையால் சாண் போட்டு அளந்து அதையும் குறித்தேன். அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "மேல இருக்கற ஆத்தாவுக்கு ஏத்திட்டு வந்து இவளுக்கு ஏத்தலாம்" என்றாள்.

மேலே ஏறினோம்.

அந்தக் குகையை முதன்முதலில் பார்ப்பவர்கள் பேச மாட்டார்கள். குகை என்று சொல்கிறோமே தவிர, அது மலையின் வயிற்றை யாரோ குடைந்து எடுத்தது போன்ற ஒரு பெரிய தாழ்வாரம். கூழாங்கற்களைச் சாந்தில் குழைத்து அப்பியது மாதிரியான பாறை தலைக்கு மேலே வளைந்து நிற்கும். நெல்லிக்காய் அளவிலிருந்து தேங்காய் அளவுவரை கற்கள், இப்போது விழும், அடுத்த நிமிடம் விழும் என்று தோன்றும்படி துருத்திக்கொண்டிருக்கும். உள்ளே ஓர் ஓரத்தில் நீர் கசிந்து சின்னக் குழியில் தேங்கும். நடுவே அம்மன், முழங்கால் உயரக் கல்.

வெயிலிலிருந்து நிழலுக்குள் வந்ததில் எனக்குக் கண் கட்டியது. நான் நேராகச் சுவரருகே போய், சென்ற முறை அளந்த பிளவு இன்னும் அதே அகலத்தில் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன். என் பின்னால் அவள் அம்மன் முன் உட்கார்ந்து பையைப் பிரிக்கும் சத்தம் கேட்டது. அதோடு வேறொரு சத்தமும் இருந்தது. தூரத்தில் மாவு மில் ஓடுவது போல. இந்தக் காட்டில் எந்த மில் என்று நினைத்தபோதே நிமிர்ந்தேன்.

கூரையில் தழும்புகள் இல்லை. கறுப்புக் கம்பளிகளைத் தொங்கவிட்டது போல வரிசையாகத் தொங்கின. ஒன்றின்மேல் ஓர் அலை ஓடியது. மேலிருந்து கீழாக, காற்றில் நெற்பயிர் சாய்வது போல, சரேலென்று ஓடி முடிந்தது. பிறகு பக்கத்துக் கம்பளியில் ஓடியது. அத்தனையும் உயிர். அவற்றுக்கு நேர் கீழே என் மனைவி தீக்குச்சியை உரசினாள்.

நான் கத்த வாய் திறந்தேன். அதற்குள் கற்பூரம் பற்றிக்கொண்டு கரும்புகை ஒரு நூலாக மேலே எழுந்தது.

"அத்த அமுக்கு! ஊதாத! மண்ணப் போட்டு அமுக்கும்மா!"

குரல் குகை வாயிலிலிருந்து வந்தது. கையில் தொரட்டிக் கோலோடு ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். பின்னால் நாலைந்து ஆடுகள். என் மனைவி ஏன் என்று கேட்கவில்லை. இரண்டு கையாலும் மண்ணை அள்ளிக் கற்பூரத்தின்மேல் போட்டாள். புகை அறுந்தது. ஆனால் எழுந்த நூல் கூரையைத் தொட்டுவிட்டது. மில் சத்தம் ஒரு படி கூடியது. நாலைந்து தேனீக்கள் அடையிலிருந்து கழன்று கீழே இறங்கின.

நான் குடையைப் பிரிக்கப் போனேன். அவளுக்கு மேலே பிடிக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

"யோவ், கொடைய தொறக்காத! கறுப்பா எது அசஞ்சாலும் அதுமேலதான் வுழும். அப்டியே வெய்யி கீழ." அந்தப் பெண் இப்போது குரலைத் தாழ்த்தியிருந்தாள். "எம்மா, கையத் தூக்காத. பூவ எடுக்காத. சும்மா ஒக்காந்துகினு இரு. சாமி கும்புடற மாதிரி இரு."

"என் சம்சாரத்துக்கு ஒரு கொட்டு பட்டாலும் ஆகாதும்மா. செத்துப் போயிடுவா" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஆனால் அந்தப் பெண்ணுக்குக் கேட்டிருக்க வேண்டும். அவள் ஆடுகளை விரட்டிவிட்டு, தலைச் சேலையை இறுக்கிக் கட்டிக்கொண்டு உள்ளே வந்தாள். ஓடவில்லை. தண்ணீருக்குள் நடப்பது போல, ஒவ்வோர் அடியாக வைத்து வந்தாள்.

ஒரு தேனீ என் மனைவியின் நெற்றியில் உட்கார்ந்தது. குங்குமத்தைச் சுற்றி ஒரு தடவை நடந்தது. பிறகு மூக்குத்தி வரை இறங்கியது. அவள் கண்களை மூடவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்துத்தான் தேனீ எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டதாகப் பிற்பாடு சொன்னாள். மல்லிகையின் பக்கம் இன்னும் இரண்டு சுற்றிக்கொண்டிருந்தன.

அப்போது என் காதுக்குப் பின்னால் சூட்டுக்கோல் வைத்தது போல இருந்தது. நான் அசையவில்லை, கையை ஓங்கவில்லை. ஆனால் அந்தப் பெண் பார்த்துவிட்டாள்.

"ஒனக்குக் கொட்டிச்சா?"

"ஆமா."

"அப்ப நீ இங்க நிக்காத. கொட்டின வாசன புட்சிக்கினு மத்ததும் ஒன்னத் தேடி வரும். அந்தம்மா கிட்ட நின்னா அதுக்கும் சேத்து. நீ அந்தாண்ட போ. தோ, அந்தக் கோடியால எறங்கு. எறங்கிட்டு ஓடு."

"அவள விட்டுட்டா?"

"நான் இட்டாரேன். போய்யா. நீ நின்னாதான் ஆபத்து."

இவ்வளவு ஆண்டுகள் கழித்தும் அந்த ஓரிரு நொடிகளை என்னால் சரியாக எழுத முடியவில்லை. அவளை அந்தக் கூரைக்குக் கீழே விட்டுவிட்டு, என்னை எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம் அவளிடமிருந்து அகற்றிக்கொள்வதுதான் நான் அவளுக்குச் செய்யக்கூடியது. என் மனைவி உதட்டை மட்டும் அசைத்து "போங்க" என்றாள். நெற்றியில் அது இன்னும் இருந்தது.

சுவரை ஒட்டிக் குகையின் மறு கோடிக்கு நடந்தேன். நடக்கும்போதே தோளில் ஒன்று, கழுத்தில் ஒன்று. அங்கே பாறை சரிந்து கீழே இறங்கும். இறங்கியதும் ஓடினேன். பின்னாலேயே வந்தன. தலைமயிருக்குள் புகுந்து இரைந்தன. புதர்களுக்குள் விழுந்து எழுந்து, சட்டையை முள்ளுக்குக் கொடுத்துவிட்டு, ஓடையில் எங்காவது தண்ணீர் இருக்கிறதா என்று தேடி ஓடினேன். ஒவ்வொரு கொட்டுக்கும் எனக்குள் ஒரு நிம்மதி இருந்தது என்று எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள். இது என்மேல் விழுந்தது, அவள்மேல் விழவில்லை என்று எண்ணிக்கொண்டே ஓடினேன். இடது கண் இமையில் கொட்டியபோதுதான் கத்தினேன்.

ஓடையின் ஒரு வளைவில் முழங்கால் அளவு தண்ணீர் தேங்கியிருந்தது. அதில் முகம் புதைத்துக் கிடந்தேன். மூச்சுக்கு மட்டும் தலையைத் தூக்கினேன். இரைச்சல் மெல்ல மெல்லக் குறைந்தது. அதற்குப் பிறகு வந்த அமைதிதான் பெரிய பயம். மேலே என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. குரல் எதுவும் கேட்கவில்லை. அழுகை கேட்டாலாவது உயிரோடு இருக்கிறாள் என்று தெரியும். விசில் போன்ற அந்த மூச்சுச் சத்தம் இங்கே வரை கேட்காது என்பதும் தெரிந்திருந்தது. எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தேன் என்று எனக்குத் தெரியாது. கையில் கடிகாரம் இருந்தது. நான் பார்க்கவில்லை.

கடைசியில் ஆட்டுச் சத்தம் கேட்டது. ஓடையின் மேல் கரையில் அந்தப் பெண் முன்னால் வந்தாள். பின்னால் என் மனைவி, தலையில் ஈரச் சேலைத் தலைப்பைப் போட்டுக்கொண்டு தானாக நடந்து வந்தாள். நான் எழுந்து ஓடினேன்.

"அங்கியே நில்லு நைனா! கிட்ட வராத! ஒம் மேல இன்னும் அந்த வாசன இருக்கும். சட்டையக் கழட்டி எறி. சேத்தப் பூசிக்கினு நல்லா குளி."

இருபது கெஜத் தூரத்தில் நிறுத்தப்பட்டேன். அங்கிருந்தபடியே கூப்பிட்டுக் கேட்டேன்: "கொட்டிச்சா?"

"இல்ல" என்றாள் என் மனைவி.

"ஒன்னுகூட இல்லையா? நல்லா பாத்தியா? உதடு தடிச்சிருக்கா?"

"இல்லீங்க."

"மூச்சு? இழுத்து வுடு. சத்தம் வருதா?"

"நீங்க மொதல்ல குளிங்க. ஒங்க மூஞ்சியப் பாத்தாதான் எனக்கு மூச்சு நிக்குது."

ஆட்டுக்காரப் பெண் சிரித்தாள். சிரித்துவிட்டுக் கரையில் குந்தி உட்கார்ந்து, வெற்றிலையை எடுத்தாள். மேலே தேனீக்கள் அடங்குவதற்குக் காத்திருந்து, ஒன்றொன்றாக முகத்திலிருந்து போக விட்டு, என் மனைவியை உட்கார்ந்த நிலையிலேயே தரையோடு நகர்த்திக் கூட்டி வந்திருக்கிறாள். வெளி விளிம்புக்கு வந்த பிறகுதான் எழுந்து நிற்கவிட்டாளாம். குழித் தண்ணீரில் சேலைத் தலைப்பை நனைத்து மல்லிகையின்மேல் போட்டதும் அவள்தான்.

"ஏன் சார், நீங்கல்லாம் படிச்சவங்கதானே?" என்றாள் என்னைப் பார்த்து. "கீழ கல்லுல வெளக்கு இருந்துச்சே, பாக்கல?"

"பாத்தேன்."

"பாத்துட்டுமா ஏறின? தேனு மேல இருக்கறப்போ ஆத்தா கீழ எறங்கிடுவா. எங்க ஊருல யாரும் அப்ப மேல நெருப்பு கொண்டுபோக மாட்டோம். தேனு போனாத்தான் வெளக்கு மறுபடியும் மேல ஏறும். கீழ வெளக்கு எரிஞ்சா அந்தக் கல்லத் தாண்டமாட்டாங்க, கைப்புள்ளைக்குக்கூடத் தெரியும்."

"எனக்குத் தெரியலம்மா. புதுக் கோயில்னு நெனச்சு எழுதிகிட்டேன்."

"எழுதிகினியா?" வெற்றிலையை மெல்வதை நிறுத்திவிட்டாள். "யாரையாச்சும் கேக்கறதுக்கு இன்னா? ஊருக்குள்ள வந்தப்போ வாய்ல கொயக்கட்டயா வெச்சிருந்த?"

"ஆடி மாசம் தேனீ இருக்காதேன்னு…"

"அதுக்கு இன்னா மாசம் தெரியும்? இந்த வருசம் மரமெல்லாம் ஆனி கடைசிலதான் பூத்துச்சி. பூ இருக்கறவரைக்கும் அது இருக்கும். பஞ்சாங்கம் பாத்துகினா வந்து போவுது?"

நான் சேற்றைக் கழுவிக்கொண்டேன். கொடுக்குகளை அந்தப் பெண் நகத்தால் சுரண்டிச் சுரண்டி எடுத்தாள். பதினெட்டு என்று என் மனைவி எண்ணினாள். எவ்வளவு கொடுக்கப் போனாலும் அந்தப் பெண் பணம் வாங்கவில்லை. புளியோதரையை மட்டும் வாங்கிக்கொண்டாள். அதையும் பிரித்து ஒரு வாய் போட்டுப் பார்த்து, "உப்பு பத்தாது" என்றாள். ஆடுகள் கல்லைத் தாண்டி வேறு பக்கம் போக ஆரம்பித்ததும் எழுந்து போய்விட்டாள்.

சாலைக்கு வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. எனக்கு உடம்பு நடுங்கியது, காய்ச்சல் ஏறிக்கொண்டிருந்தது. அதைவிட, நடக்கும்போது நாலடிக்கு ஒருமுறை அவளைத் திரும்பிப் பார்ப்பது நிற்கவில்லை. சேலை மடிப்பில் ஒன்று ஒளிந்திருக்கலாம். பூவுக்குள் இருக்கலாம். பூவைப் பிய்த்து எறியச் சொன்னேன், எறிந்தாள். சேலையை உதறச் சொன்னேன், உதறினாள். மூன்றாம் தடவை உதறச் சொன்னபோது, "நடுக்காட்டுல நிக்க வெச்சி டான்ஸ் ஆட வெக்கறீங்களா?" என்றாள்.

பஸ்ஸில் கண்டக்டர் என் முகத்தைப் பார்த்து, "இன்னா சார், யாராண்டனா சண்டையா? பேஜாரா பூட்ச்சா?" என்றார். பின் சீட்டில் யாரோ சிரித்தார்கள். என் இடது கண் முழுதாக மூடிவிட்டிருந்தது. அவள் சன்னலோரம் உட்கார்ந்து, கொஞ்ச நேரத்தில் கம்பியில் தலையைச் சாய்த்துக் கண் அயர்ந்துவிட்டாள். அது தூக்கம்தானா என்று எனக்குத் தெரியவில்லை. கடம்பத்தூரிலிருந்து வண்டியில் வந்த அன்றும் இப்படித்தான் தலை சாய்ந்தது. தோளைத் தொட்டு எழுப்பினேன்.

"இன்னாங்க?"

"ஒண்ணுமில்ல. தண்ணி வேணுமா?"

வேண்டாம் என்றாள். அடுத்த நிறுத்தத்தில் மறுபடி எழுப்பினேன். பூண்டி ஏரிக் கரை வந்ததும் ஏரியைப் பார் என்று எழுப்பினேன். அதற்குப் பிறகு அவள் தூங்கவில்லை. வெளியே பார்த்துக்கொண்டு வந்தவள், திடீரென்று, யாரிடமோ சொல்வது போலச் சொன்னாள்:

"நான் உள்ள வந்ததுமே பாத்தேன்."

"எத?"

"மேல கறுப்பா தொங்கினத. எனக்கு வெயில் கண்ணக் கட்டல. தலையில முந்தானை போட்டுகினு ஏறி வந்து, உள்ளதான எறக்கினேன். அசையறது கூட தெரிஞ்சுது."

"பாத்தியா? பாத்துட்டுமா கற்பூரம் ஏத்தின?"

"ஆடியில இருக்காதுன்னு நீங்க எழுதியிருந்தீங்களே." அவள் என் பக்கம் திரும்பினாள். குரலில் கோபம் இல்லை, குறை சொல்வதுகூட இல்லை. "ஏழு தபா எழுதினேன். அப்ப அது தேனீயா இருக்காது, வேற எதுவோன்னு நெனச்சேன். வௌவாலா இருக்கும்னு நெனச்சேன். ஒங்களக் கேக்கலாம்னுகூட தோணல."

குகைக்குள் பயந்ததும் தண்ணீரில் முகம் புதைத்துப் பயந்ததும் ஒரு பக்கம். பஸ்ஸில், பட்டப்பகலில், பத்துப் பதினைந்து பேருக்கு நடுவில் இதைக் கேட்டபோது வந்த பயம் வேறு. தன்னைக் கொல்லக்கூடியது தலைக்கு மேல் தொங்குவதை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். என் எழுத்து அவள் கண்ணை மறைத்துவிட்டது. இன்னும் ஏழு வீடுகளில் அந்தத் தாள் இருக்கிறது. அந்த வாரமே ஏழு பேருக்கும் தபால் கார்டு எழுதினேன். ஆனால் அந்த ஏழு பேருக்காக நான் பயந்தது அடுத்த நாள்தான். அன்றைக்கு எனக்கு எதிரில் இருந்தது ஒரு முகம்தான். வேறு எதையெல்லாம் அவள் பார்த்துவிட்டு, நான் சொன்னதால் இல்லை என்று நினைத்துக்கொண்டாள்? கேட்க நினைத்தேன். கேட்கத் தைரியம் வரவில்லை.

திருவள்ளூரில் இறங்கினோம். எங்கள் வீட்டுக்குப் போக நெடுஞ்சாலையைக் கடக்க வேண்டும். லாரிகள் இரண்டு பக்கமும் விரைந்துகொண்டிருந்தன. சாலையோரத்தில் நின்று, எப்போதும் கேட்பது போல அவள் கேட்டாள்:

"போலாமா?"

இடது பக்கம் எனக்கு வெறும் இருட்டாக இருந்தது.

"எனக்குத் தெரியல" என்றேன். "நீ பாரு."

அவள் இடது பக்கம் பார்த்தாள். வலது பக்கம் பார்த்தாள். ஒரு லாரியைப் போக விட்டாள். இன்னொன்றையும் போக விட்டாள். பிறகு வீங்கியிருந்த என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "வாங்க" என்று சாலையில் இறங்கினாள்.